என்ன சோலியாப் போறீக?

புதுக்கோட்டைக்காரர்களுக்கு ராமேஸ்வரம் சாலை என்பது பேருந்தில் தூங்கியபடி கடக்கிற சாலை. சன்னலோரம் இடம் கிடைத்தால் திருமயம் தாண்டும்போதே கண் சொக்கும். தேவகோட்டை நிலையத்தில் முறுக்கு விற்கிற குரலுக்கு ஒருமுறை விழிப்போம். அப்புறம் பாம்பன் பாலம் வந்ததும் மொத்தப் பேருந்தும் எழுந்து நின்று கடல் பார்க்கும். நடுவில் இருக்கிற நிலம் எப்படிப்பட்டது, செம்மண் எங்கே முடிகிறது, காற்றில் உப்பு வாசம் எங்கே முதலில் வருகிறது என்று யாராவது கேட்டிருந்தால் இத்தனை வருஷமும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

இந்த மாசியில் அதே சாலையை சைக்கிளில் போய் முடித்தேன். திருமயம், காரைக்குடி, தேவகோட்டை, ஆர்.எஸ். மங்கலம், தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், அதற்கும் அப்பால் தனுஷ்கோடியின் அரிச்சல்முனை. ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இடையில் ராமநாதபுரத்தில் இரவுத் தங்கல். நெடுந்தூரம் என்று சொல்லும்படி நான் மிதித்த முதல் பயணம் இது. கைமாறி வந்த கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, செயினும் பிரேக் கட்டைகளும் மாற்றி, பின்சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து வைத்திருந்தேன். கேரியரில் ஒரு பை. அதில் மாற்றுடை, ஒரு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் கலந்து கட்டிய பொட்டலங்கள். தனியாகத்தான் போனேன்.

ஒரு பெண் தனியாக நெடுஞ்சாலையில் சைக்கிள் மிதித்துப் போனால் இந்தப் பக்கத்து ஜனங்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். டீக்கடையில் கேட்டார்கள், மரத்தடியில் கேட்டார்கள், எதிரே வந்த வண்டியை நிறுத்தியும் கேட்டார்கள்: “என்ன சோலியாப் போறீக?” அதட்டலாக யாரும் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார்கள். ஆனாலும் என்ன பதில் சொல்வது என்று வழிநெடுக யோசித்துக்கொண்டே மிதித்தேன். இந்தச் சாலையில் எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரிடமும் அதற்குப் பதில் இருந்தது.

விடியும் முன்னே கிளம்பி நமணசமுத்திரம் தாண்டியபோது கிழக்கு வெளுத்திருந்தது. சாலையின் இருபுறமும் தைலமரக் காடு. பேருந்தில் போகும்போது வெறும் பச்சையாக ஓடி மறைகிற அந்தக் காட்டுக்கு விடியற்காலையில் ஒரு குளிர்ச்சியும் மருந்து வாசமும் இருந்தது. திருமயத்தில் கோட்டை பைரவர் சன்னதி நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. அந்த வழியாகப் போகிற லாரிக்காரர்களும் கார்க்காரர்களும் இறங்கி ஒரு கும்பிடு போடாமல் வண்டி எடுப்பதில்லை. நானும் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினேன். தேங்காய், எள் விளக்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா என்னையும் கேரியர் பையையும் பார்த்தார்.

“ராமேஸ்வரத்துக்கா? நேர்த்திக்கடனாத்தா?”

“இல்லம்மா. சும்மாதான்.”

“சும்மாவா?” என்று அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். பிறகு காசு வாங்காமல் ஒரு விளக்கை என் பெயருக்கு ஏற்றினார். நேர்த்திக்கடன் என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். சொல்ல மனமில்லை.

திருமயம் கோட்டையை 1687-ல் கட்டியவர் ராமநாதபுரம் சேதுபதிகளில் பெரியவரான கிழவன் சேதுபதி. புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சம் எழுந்ததும் அவர் கையால்தான். அவர் மணந்த காதலி நாச்சியாரின் சகோதரர்தான் ரகுநாதத் தொண்டைமான். ராமேஸ்வரம் போகிற சேதுவழியைக் காக்கிற பொறுப்பினால் வந்த பட்டம் சேதுபதி. வழியில் திருடர் பயம் இல்லாமல் யாத்திரிகர்கள் போய்ச் சேர வேண்டும், அவர்களுக்குத் தங்கச் சத்திரமும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்க வேண்டும். அதற்காகவே ஒரு ராஜ்யம் இருந்திருக்கிறது. காசியிலிருந்து கங்கை நீர் சுமந்து நடந்தவர்கள் இந்தச் சீமையின் சத்திரங்களில் படுத்து எழுந்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னொரு கூட்டமும் நடந்தது. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகளோடு கிளம்பி, கடல் தாண்டி, இலங்கையின் கண்டிச்சீமைக் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவர்கள். ஒரு கூட்டத்துக்குச் சோலி சாமி, இன்னொரு கூட்டத்துக்குச் சோலி வயிறு.

திருமயம் தாண்டிக் கானாடுகாத்தான் பிரிவு வரை சாலை லேசாக ஏறி இறங்கும். சைக்கிளுக்கு நல்ல தாளம் கிடைத்த இடம் அது. கியரை இலேசாக வைத்து, கால் வேகமாகச் சுழலும்படி மிதித்தால் முட்டிக்கு வலி வராது என்று கற்றுக்கொண்டிருந்தேன். அந்தத் தாளத்தில்தான் அம்மாவின் நினைவு வந்தது.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இரவு வகுப்பில் எழுத்துக் கற்றாள். அந்த நாட்களில் ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். வகுப்பெடுக்கும் பெண் ஊர் ஊராகப் போக யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்பது முதல் யோசனை. அது பிடித்துக்கொண்டு, குவாரியில் கல் உடைக்கிறவர்கள், பூ விற்கிறவர்கள், அங்கன்வாடிக்காரர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் மணிக்கணக்கு வாடகைக்கு சைக்கிள் எடுத்து மைதானங்களில் விழுந்து எழுந்தார்கள். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டை அம்மா இன்றும் அடுப்படியில் முணுமுணுப்பாள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் பேரணி போனார்கள். அம்மா அதில் இருந்தாள்.

பெண்களுக்கென்று வந்த வளைந்த பார் சைக்கிள் அவர்களில் பலருக்குத் தேவைப்படவில்லை. ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளையே கேட்டார்கள். காரணம், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கிற குறுக்குப் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், முன்னால் பாரில் பிள்ளை. நான் அந்தப் பாரில் துண்டு சுற்றி உட்கார்ந்து போன பிள்ளை. கொஞ்சம் வளர்ந்ததும் அதே சைக்கிளில் காலை உள்ளே விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் எனக்கே எனக்கென்று வந்தது.

ஆனால் அம்மா சைக்கிளை எடுத்த ஒவ்வொரு முறையும் அதற்கொரு சோலி இருந்தது. தண்ணீர், ரேஷன், ஆஸ்பத்திரி, என் அப்பாவுக்குக் குவாரிக்குச் சோறு. அந்தச் சோலிகளை ஊர் முன்னால் அடுக்கிக் காட்டித்தான் அவர்கள் அந்த உரிமையை வாங்கினார்கள். “நாங்க சும்மா சுத்தலை, வேலையாப் போறோம்” என்பது அவர்களுடைய பதில். கேலி பேசிய ஆண்களின் வாயை அடைத்தது அந்தப் பதில்தான். இந்த வெற்றியை நான் எந்த நாளும் குறைத்துப் பேசமாட்டேன். என் வாழ்க்கையே அதன் மேல் நிற்கிறது. அதேசமயம், சோலி முடிந்ததும் சைக்கிள் திண்ணைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் சொல்லாமலே இருந்தது. திருமயத்துக்குத் தெற்கே அம்மா சைக்கிளில் போனதே இல்லை.

காரைக்குடியில் இட்லி. தேவகோட்டையில் மோர். இரண்டு ஊரிலும் அதற்குமேல் நிற்காமல் வேகமாகக் கடந்தேன். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வேறொரு நாள் வரலாம்.

வெயில் ஏறியது. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்லிக் கொடுப்பது, பசிக்குமுன் தின்ன வேண்டும், தவிக்குமுன் குடிக்க வேண்டும் என்பதுதான். தசையும் ஈரலும் சேமித்து வைத்திருக்கிற சர்க்கரைச் சத்து சில மணி நேர உழைப்புக்கே வரும். அது தீர்ந்தால் கால் ஓயாது, முதலில் மனசு ஓயும். எதற்காக வந்தோம் என்றே தோன்றும். ஆகவே மணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ வாயில் போட்டுக்கொண்டேன், சிட்டிகை உப்பு சேர்த்த தண்ணீர் குடித்தேன். கால் வலிக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். வலித்தது கை. உள்ளங்கையின் வெளிவிளிம்பு வழியாக ஒரு நரம்பு ஓடுகிறது. ஹேண்டில்பாரில் நெடுநேரம் ஊன்றினால் அது அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போடக்கூட விரல் ஒத்துழைக்காது. கையை மாற்றி மாற்றிப் பிடித்து, ஒவ்வொரு மைல்கல்லுக்கும் விரல்களை விரித்து மடக்கிக்கொண்டே போனேன்.

தேவகோட்டைக்குத் தெற்கே நிலம் மாறிவிடுகிறது. செம்மண் கரைந்து சாம்பல் நிறக் களிமண் வருகிறது. பனைகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம். ஊர்கள் குறைந்து கண்மாய்கள் பெருகுகின்றன. புதுக்கோட்டையிலிருந்து கடல் வரை நிலம் சாய்ந்துகொண்டே போகிறது. அந்தச் சாய்வில் ஓடிவரும் மழைநீரை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து நிறுத்திய கண்மாய்கள்தான் இந்த வறண்ட சீமையை வாழ வைத்திருக்கின்றன. அவற்றில் பெரியது ஆர்.எஸ். மங்கலம் கண்மாய். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஜனங்கள் சொல்வார்கள். ஒரு நாரை நிற்காமல் அதன் கரையைப் பறந்து கடக்க முடியாதாம். கரைமேல் ஏறிப் பார்த்தேன். மாசியிலும் நடுவில் தண்ணீர் மினுங்கியது, எதிர்க்கரை வெயிலின் அலையில் தெரியவில்லை.

அங்கேதான் பின்சக்கரம் தரையில் உட்கார்ந்தது. சீமைக்கருவேல முள். இந்தச் சீமையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாத முள் இல்லை. வெயிலில் சைக்கிளைப் படுக்கப்போட்டு நானே டியூப் மாற்றத் தொடங்கியபோது, கொஞ்ச தூரத்தில் வேப்பமரத்தடிப் பஞ்சர் கடையிலிருந்து ஒரு பெரியவர் கையசைத்தார்.

“எதுக்கு வெயில்ல கெடக்குறீக? இங்கிட்டு உருட்டிட்டு வாங்கத்தா.”

அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டு நெம்புகோல்களால் டயரின் விளிம்பைக் கழற்றி, டியூபை உருவி, காற்றடித்து, பாதி அறுத்த பிளாஸ்டிக் டிரம் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிச் சுழற்றினார். ஓர் இடத்தில் ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாக எழுந்தன. ஈரத்தைத் துடைத்து, அந்த இடத்தில் தீக்குச்சியால் குறி வைத்து, அரத்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். சொல்யூஷனைத் தடவிவிட்டு உடனே ஒட்டவில்லை. வாயால் ஊதி, விரலின் பின்புறத்தால் தொட்டு, பசை காய்ந்து இழுக்கிற பதம் வரும்வரை காத்திருந்தார். பிறகுதான் துண்டை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். அதோடு விடவில்லை. டயரின் உட்புறத்தை விரல் நுனிகளால் முழுச் சுற்றும் தடவிப் பார்த்தார். முனை முறிந்து ரப்பருக்குள் புதைந்திருந்த முள்ளைக் கண்டுபிடித்து இடுக்கியால் உருவி, என் உள்ளங்கையில் வைத்தார். நான் மட்டும் புது டியூபை மாட்டிக் கிளம்பியிருந்தால், மிச்சமிருந்த அந்த முனை பத்தாவது நிமிஷத்தில் அதையும் குத்தியிருக்கும்.

அவரும் கேட்டார். சும்மா ஓட்டிப் பார்க்கத்தான் போகிறேன், இவ்வளவு தூரம் போவது இதுதான் முதல் தடவை என்று சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். வாலிபத்தில் அவர் மீன் வியாபாரி. தேவிபட்டினத்தில் ஏலம் எடுத்து, கேரியரின் இரண்டு பக்கமும் நடுவிலும் கூடை கட்டி, ஐஸ் போட்டு, சாக்கு நனைத்து மூடி, இரவோடு இரவாக மிதித்து விடியும்போது தேவகோட்டைச் சந்தையில் இருப்பாராம். டைனமோ லைட்டுதான் வெளிச்சம். வெயில் ஏறினால் மீன் போய்விடும், ஆகவே நிற்க முடியாது. போக வர நூறு கிலோமீட்டருக்குக் குறையாது.

“எத்தனை நாளைக்கு ஒருக்கா அய்யா?”

“எத்தனை நாளைக்கு ஒருக்காவா? கடல்ல மீன் பட்ட அன்னைக்கெல்லாந்தேன்.”

பிரான்சில் பிறந்த நெடுந்தூர சைக்கிள் மரபில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு பதக்கம் தருகிறார்கள். நம் ஊர்களிலும் அந்தக் கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர்கள் எழுதியதைப் படித்துத்தான் நான் பலதும் கற்றேன். ஆனால் தமிழ்நாட்டில் நெடுந்தூர சைக்கிள் என்று ஒரு வரலாறு எழுதினால் அது மீன் கூடையில் தொடங்க வேண்டும். பனைவெல்லம் ஏற்றியவர்கள், பாத்திர வியாபாரிகள், சேலை மூட்டைக்காரர்கள், ஐஸ் பெட்டிக்காரர்கள், விடியலுக்கு முன் பால் கேன் கட்டியவர்கள், எல்லோரும் அந்த வரலாற்றில் வர வேண்டும். கியர் இல்லாத இரும்பு சைக்கிளில், ஆள் எடைக்குக் குறையாத சுமையோடு அவர்கள் போன தூரத்தை யாரும் அளந்து வைக்கவில்லை. பெரியவர் பஞ்சருக்கு நியாயமான காசு வாங்கிக்கொண்டு, “காத்து மத்தியானத்துக்கு மேல எதுத்தடிக்கும், தேவிபட்டினத்துக்கு வெரசாப் போயிருங்க” என்றார். சோலி என்னவென்று மறுபடி கேட்கவில்லை.

மங்கலத்தைத் தாண்டினால் சாலையோரமெல்லாம் மிளகாய்க் களங்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய் சின்னதாக, குண்டாக, தோல் தடித்து இருக்கும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புதுப் பழங்களைத் தார்ப்பாயில் கொட்டி, பெண்கள் காலால் தள்ளித் தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். காய்ந்தவை கருஞ்சிவப்பிலும் பாதி காய்ந்தவை நல்ல சிவப்பிலும் கிடக்க, காற்று அந்தப் பக்கமிருந்து வீசியபோது எனக்குத் தொண்டை கமறி, தும்மலோடு சைக்கிளை ஓட்ட வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தும்மல் வரவில்லை.

பெரியவர் சொன்னபடியே காற்று வந்தது. மாசியில் வாடைக்காற்றின் மிச்சம் வடகிழக்கிலிருந்து வீசும். பிற்பகலில் தரை சூடேறியதும் கடலிலிருந்து எதிர்காற்று கிளம்பும். மலை ஏற்றத்துக்கு ஓர் உச்சி உண்டு, ஏறினால் இறங்கலாம். எதிர்காற்றுக்கு உச்சி கிடையாது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பது பள்ளியில் படிக்கிற கணக்கு; அதைத் தலைகீழாகப் போட்டால், வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலே காற்று நிறைய விட்டுக்கொடுக்கும். உடம்பைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி, கியரைக் குறைத்து, நடக்கிற வேகத்துக்குச் சற்று மேலே போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான் உப்பு வாசம் வந்தது. தேவிபட்டினத்துக்கு இன்னும் தூரம் இருந்தது, கடல் கண்ணில் படவில்லை, ஆனால் உதட்டை நக்கினால் கரித்தது.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற நவபாஷாணக் கற்களை, படிக்கட்டில் உட்கார்ந்து கால்களை நீரில் போட்டபடி பார்த்தேன். பாக்ஜலசந்தி அங்கே ஏரித் தண்ணீர்போல அமைதியாகக் கிடக்கும். இருட்டும் நேரத்தில் ராமநாதபுரம் வந்து சேர்ந்தேன். விடுதியில் அறை கேட்டபோது அங்கேயும் அதே கேள்வி, இம்முறை பதிவேட்டில் எழுதுவதற்காக. வருகையின் காரணம் என்ற கட்டத்தில் ‘சைக்கிள் பயணம்’ என்று எழுதினேன். அந்தப் பையன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் தெருவில் விட வேண்டாம் என்று மாடிப்படிக்குக் கீழே தானே தூக்கி வைத்துப் பூட்டினான்.

மறுநாள் உட்கார்ந்த முதல் அரை மணி நேரம்தான் கடினம். சீட்டுப் பட்ட எலும்பிரண்டும் தனித்தனியாகப் பேசின. உச்சிப்புளி வந்தபோது உடம்பு பழகிவிட்டது. எனக்கு முன்னால் காவிக் கொடி கட்டிய சாதாரண சைக்கிளில் ஒரு முதியவர் போய்க்கொண்டிருந்தார். மராட்டியத்திலிருந்து வருகிறார் என்பது மட்டும் புரிந்தது. அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு சைக்கிளில் வருகிறவர்கள் வருஷம்தோறும் உண்டு. ஹேண்டில்பாரில் சிவப்புத் துணியில் மூடிய செம்பு. நான் கடலை மிட்டாய் கொடுத்தேன், அவர் ஒரு பிடி பொரி கொடுத்தார். கொஞ்ச தூரம் காற்றுக்கு முன்னால் நானும் பின்னால் அவருமாக, பிறகு இடம் மாற்றி, பேச்சே இல்லாமல் போனோம். மண்டபத்தில் அவர் ஒரு மரத்தடியில் தங்கிவிட்டார்.

மண்டபம் முகாமை நான் நின்று பார்த்தேன். கண்டிச்சீமைக்குப் போன தோட்டத் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்து அனுப்ப இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் இது. பிறகு 1980-களிலிருந்து, அங்கே நடந்த போருக்குத் தப்பி, படகில் வந்து இறங்கியவர்களைத் தங்க வைத்ததும் இதே இடம். இந்தச் சாலையில் மனிதர்கள் இரண்டு திசையிலும் போயிருக்கிறார்கள், இரண்டு முறையும் வேறு வழியில்லாமல். என்னைப்போல் விரும்பி, நினைத்த இடத்தில் நின்று, நினைத்த இடத்தில் கிளம்பிப் போவது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அந்த வாசலில்தான் முழுசாக உறைத்தது.

பாம்பன். 1988-ல் திறந்த சாலைப் பாலம், அன்னை இந்திரா காந்தி பாலம், 2.345 கிலோமீட்டர். படகுகள் அடியில் போவதற்காக நடுவில் உயர்ந்திருக்கும். பேருந்தில் தெரியாத அந்த ஏற்றம் சைக்கிளில் நன்றாகத் தெரிந்தது. இடப்பக்கமிருந்து காற்று தள்ளத் தள்ள, பாலத்தின் இணைப்பு இரும்புப் பட்டைகளை நேராகக் கடக்க வேண்டும், சாய்வாக ஏறினால் சக்கரம் வழுக்கும். ஆகவே கடலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே ஓட்டி, நடு உச்சியில் கைப்பிடிச் சுவரோரம் இறங்கி நின்றேன். பக்கத்திலேயே ரயில் பாலம். 1914-ல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கையால் நெம்பித் திருகித்தான் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் போவது நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு மொத்தமாக மேலே எழும்புகிறது. நான் நின்ற நேரத்தில் எழும்பவில்லை. அடியில் நாட்டுப் படகுகள் நூல் பிடித்ததுபோல் தெற்கே போய்க்கொண்டிருந்தன.

ராமேஸ்வரத்தில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நிற்காமல் போனேன். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் சாலை இருபுறமும் கடலாகிவிடுகிறது. தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் வடக்கே பாக்ஜலசந்தியைப் பெண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் இங்கே ஓர் ஊர் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் உள்ளே இருந்தவர்களோடு கடலில் போனது. இங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குப் போன கப்பலும் அத்தோடு நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேல் மணலில் வேன் வைத்துத்தான் அரிச்சல்முனைக்குப் போக முடிந்தது. 2017-ல்தான் தார்ச்சாலை வந்தது. சைக்கிளில் வர முடிந்ததும் அதனால்தான்.

கூரை போன தேவாலயச் சுவர்களுக்கு எதிரே ஓலைக் கொட்டகையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் தண்ணீர் கேட்டேன். மணலைக் கொஞ்சம் தோண்டினாலே அங்கே நல்ல தண்ணீர் ஊறும், அந்த ஊற்றுத் தண்ணீரைக் கொடுத்தார். கடலுக்கு நடுவில் அப்படித் தித்தித்தது. சைக்கிளைப் பார்த்தார். கேள்விக்குத் தயாராக இருந்தேன்.

“வாடை தள்ளுச்சா?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். பாலத்தில் ரொம்பத் தள்ளியது என்றேன். “நேத்து இன்னும் கூட. எங்க வீட்டு ஆளுக கடலுக்கே போகலை” என்றார். இரண்டு பேரும் காற்றைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம்.

அரிச்சல்முனையில் சாலை வட்டமாகத் திரும்புகிறது. நடுவில் அசோகச் சிங்கத் தூண். சுற்றிலும் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்பால் மணல், அதற்கப்பால் முப்பது கிலோமீட்டரில் தலைமன்னார். சைக்கிளைத் தூண் திட்டில் சாய்த்து வைத்தேன். பெருமையாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்தேன் என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்களிடம் நானாகவே சொன்னேன். அவர்களில் ஒரு பாட்டி என் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கினார்.

திரும்பியது ரயிலில். ராமேஸ்வரம் நிலையத்தின் பார்சல் அறையில் சைக்கிளை எடை போட்டு, சீட்டு ஒட்டி, சரக்குப் பெட்டியில் ஏற்றினார்கள். மானாமதுரை, சிவகங்கை, காரைக்குடி வழியாக ஊர் வந்து சேர்ந்தபோது அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். காலுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவிக்கொண்டே விசாரித்தாள். எதற்குப் போனாய் என்று அவள் கேட்கவில்லை. திருமயம் தாண்டினால் மேடு எவ்வளவு தூரம்? தேவகோட்டையில் நல்ல சாப்பாடு எந்தக் கடை? ராமநாதபுரத்து விடுதியில் தாழ்ப்பாள் சரியாக இருந்ததா? கியர் வைத்த சைக்கிளில் பார் எவ்வளவு உயரம்? மங்கலத்துப் பஞ்சர் கடையைச் சொன்னபோது, இரு என்று எழுந்து போய் ரேஷன் கணக்கு எழுதுகிற நோட்டை எடுத்து வந்தாள். அறிவொளி வகுப்பில் பழகிய அந்தக் குண்டு குண்டான எழுத்தில், ஊர்களின் பெயரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே தண்ணீர் கிடைக்கிற இடத்தைக் கேட்டுக் குறிக்க ஆரம்பித்தாள்.